உமிழ்வு அட்டவணையைச் சேர்த்ததும் ஒப்பந்தக் கையொப்பம் ‘செல்லாது’ எனக் காட்டுவது

மின்னொப்பமிட்ட (டிஜிட்டல் கையொப்பமிட்ட) ஒப்பந்தத்தில் கார்பன் உமிழ்வு அட்டவணையைச் சேர்த்ததும் கையொப்பம் ‘செல்லாது’ எனக் காட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். பழைய ஒப்பந்தத்தைத் தொடாமல், கார்பன் உமிழ்வு அட்டவணையைத் தனித் திருத்த ஒப்பந்தமாக எழுதி, மூல ஒப்பந்தத்தின் எண்ணையும் தேதியையும் அதில் குறித்து, இரு தரப்பும் அதில் மட்டும் கையொப்பமிடுங்கள்.

அட்டவணையின் பக்கங்களைக் கையொப்பமிட்ட பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே செருகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மின்னொப்பம் கோப்பின் ஹேஷ் மதிப்போடு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற ஒரு குறியீட்டோடு) பிணைக்கப்பட்டிருப்பதால், கையொப்பமிட்ட பகுதியில் ஒரு காற்புள்ளி மாறினாலும் சரிபார்ப்பு முறிந்துவிடும். மென்பொருள் தன் வேலையைத்தான் செய்கிறது.

மாறாத மூல ஒப்பந்தத்தை மீட்க, பிடிஎஃப் மென்பொருளின் கையொப்பப் பலகத்தில், கையொப்பமிட்டபோது இருந்த பதிப்பைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால், எதிர்த்தரப்பிடம் உள்ள மூலப் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: மின்னொப்பம், யார் கையொப்பமிட்டார், அதன்பின் ஆவணம் மாறவில்லை என்பதற்கே சான்று, உமிழ்வு எண்கள் சரி என்பதற்கு அன்று. அதற்கு மின்மீட்டர் பதிவுகளும் எரிபொருள் ரசீதுகளும் தனியே வேண்டும்.