ஃபியூயல் செல் படித்தால் இங்கே வேலை கிடைக்குமா?

கேள்வி: என் மகன் பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் இறுதி ஆண்டு படிக்கிறான். ஃபியூயல் செல் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவது பற்றித்தான் புராஜெக்ட் செய்வேன், பல்கலைக்கழகத்திலும் அதையே தொடர்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கணினித் துறைக்குப் போகச் சொன்னால் காதில் வாங்குவதில்லை. இதை நம்பிப் பிழைக்க முடியுமா?
- ஒரு தாயார், ஈசூன்

பதில்: 'ஃபியூயல் செல் பொறியாளர்' என்ற பெயரில் தேடினால் சிங்கப்பூரில் வேலை கொஞ்சம்தான் தேறும். ஆனாலும் தம்பியைத் தடுக்காதீர்கள். ஃபியூயல் செல் கைவிட்டாலும் கட்டுப்பாட்டுப் பொறியியல் சோறு போடும்.

அவர் எதில் இறங்குகிறார் என்று கொஞ்சம் பார்ப்போம். ஃபியூயல் செல்லுக்குள் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகும்போது மின்சாரமும் வெப்பமும் வருகின்றன. ஓடும்போது ஒரு செல் தருவது சுமார் 0.6, 0.7 வோல்ட்தான். பலவற்றை அடுக்கினால்தான் உருப்படியான அளவு கிடைக்கும். அதுவும் நேர்மின்னோட்டம். நம் வீட்டு பிளக்கில் வருவதோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம். இடையில் வோல்டேஜை ஏற்றித்தரும் கன்வெர்ட்டரும், நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டரும் வேண்டும்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. கட்டடத்தில் லிஃப்ட் கிளம்புகிறது, மின்தேவை சட்டென்று ஏறுகிறது. இன்வெர்ட்டர் மில்லிவினாடிகளில் ஈடுகொடுத்துவிடும். செல்லுக்குள் காற்றைத் தள்ளும் கம்ப்ரஸர் அப்படி இல்லை, வேகம் பிடிக்க நேரம் எடுக்கும். அதற்குள் செல்லில் ஆக்சிஜன் குறைந்தால் வோல்டேஜ் விழும்; இதுவே வாடிக்கையானால் செல்லின் ஆயுளும் குறையும். சரி, காற்றைத் தாராளமாக ஊதினால் என்ன? கம்ப்ரஸரே மின்சாரத்தைத் தின்றுவிடும். ஈரப்பதமும் அப்படித்தான்: குறைந்தால் செல்லின் நடுவிலுள்ள மெல்லிய சவ்வு காயும், மிஞ்சினால் தண்ணீர் தேங்கி வாயு போகும் வழியை அடைக்கும். அதனால் திடீர் ஏற்றத்தை ஒரு பேட்டரியோ, மின்சாரத்தைச் சட்டென்று சேமித்துச் சட்டென்று கொடுக்கும் சூப்பர்கெப்பாசிட்டரோ தாங்கிக்கொள்ள, ஃபியூயல் செல் நிதானமாக மேலே வரும். யார், எப்போது, எவ்வளவு கொடுப்பது என்று நொடிக்கு நொடி முடிவெடுக்கும் நிரலைத்தான் தம்பி எழுதப்போகிறார். (கணினித் துறை என்றீர்களே, பாதி நேரம் இவரும் நிரல்தான் எழுதிக்கொண்டிருப்பார்!) பொது மின்கட்டமைப்பில் மின்சாரம் நின்றால் இந்தக் கருவி தானாக விலகிக்கொள்ளவும் வேண்டும். இல்லாவிட்டால் பழுதுபார்க்க வருபவரின் உயிருக்கே ஆபத்து.

இங்கே நிலைமை என்ன? நம் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் இயற்கை எரிவாயுவில் வருகிறது. 2050க்குள் மின்தேவையில் பாதி வரை ஹைட்ரஜன் கொடுக்கலாம் என்று 2022இல் வெளியான தேசிய ஹைட்ரஜன் உத்தி சொல்கிறது. அதைக் கேட்டு மயங்க வேண்டாம். அதில் பெரும்பங்கு பெரிய டர்பைன்களுக்குப் போகும் என்பது என் கணிப்பு. வீட்டுக்கு வீடு ஃபியூயல் செல் வைக்கும் பழக்கம் ஜப்பானில் 2009லிருந்து உண்டு, நம் அடுக்குமாடிகளில் இல்லை. ஆனால் செமாக்காவ் தீவில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் சூரிய சக்தி, காற்று, பேட்டரி, ஹைட்ரஜன் எல்லாவற்றையும் ஒரே சிறு மின்கட்டமைப்பில் இணைத்துச் சோதித்திருக்கிறது. ஜூரோங் தீவில் 2023இல் 285 மெகாவாட்-மணி பேட்டரி நிலையம் திறக்கப்பட்டது. அதற்கும், கூரைச் சூரியத் தகடுகளுக்கும், தரவு நிலையங்களுக்கும், மின்வாகன சார்ஜர்களுக்கும் தேவைப்படுவது இதே கைத்திறன்தான்.

புராஜெக்ட்டில் ஒன்றைக் கேட்டு உறுதிசெய்யச் சொல்லுங்கள்: கையால் தொட்டுச் சோதிக்க நிஜக் கருவி இருக்கிறதா, இல்லை எல்லாமே கணினித் திரையில் ஓடும் மாதிரிதானா? சிறிய கன்வெர்ட்டர் ஒன்றைத் தானே கட்டி, அதன் மின் அலைவடிவத்தை ஆசிலோஸ்கோப்பில் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) காட்டினால் நேர்காணலில் அதன் மதிப்பே தனி. பட்டப்படிப்புக்கு ஹைட்ரஜன் என்று பெயர் போட்ட படிப்பைத் தேடி அலைய வேண்டாம். பொதுவான மின்பொறியியலில் சேர்ந்து, பவர் எலக்ட்ரானிக்ஸும் (கன்வெர்ட்டர், இன்வெர்ட்டர் பற்றிய பாடம்) கட்டுப்பாட்டியலும் விருப்பப் பாடமாக எடுத்தால் போதும். அப்புறம், தேசிய சேவைக்குப் போகுமுன்பே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துவிடட்டும். இடம் கிடைத்தால் சேவை முடியும்வரை அதை அவருக்காக வைத்திருப்பார்கள்.