வாசகர் கேள்வி–பதில்: பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஏன் இவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது?

கேள்வி: ஐயா, பினாங்குத் தீவின் பாலேக் பூலாவ் பகுதியில் வசிக்கிறேன். 1990களில் தயாரான கவாசாகி கேடிஎக்ஸ் 200 வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கி, டுரியான் தோட்டங்களுக்கு நடுவேயுள்ள மேட்டுப் பாதைகளில் வார இறுதிகளில் ஓட்டி வருகிறேன். வாங்கிய புதிதில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் அளவில் கொடுத்த வண்டி, இப்போது 9 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. பிளக் கறுத்து ஈரமாக இருக்கிறது. மெயின் ஜெட்டை இரண்டு எண் குறைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், பாலேக் பூலாவ்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள அதே மெயின் ஜெட்டுடன்தான் உங்கள் வண்டி முன்பு 16 கிலோமீட்டர் ஓடியது. இடையில் யாரும் அதை மாற்றவோ துளையிட்டுப் பெரிதாக்கவோ இல்லையென்றால், பித்தளையாலான அந்தச் சிறு துண்டு தானாகப் பெருத்துப் பெட்ரோலை அதிகம் விட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மேலும், மெயின் ஜெட்டின் ஆட்சி திராட்டில் முக்கால் பங்குக்கு மேல் திறக்கும்போதுதான் முழுமையாக வெளிப்படும். மேட்டுப் பாதையில் நீங்கள் பெரும்பாலும் கால் முதல் அரைத் திறப்பில்தான் ஓட்டுகிறீர்கள் என்பதால், அதைக் குறைப்பதால் மிச்சமாகும் பெட்ரோல் சொற்பமே. ஆனால் என்றாவது ஒரு நாள் நீண்ட தார்ச்சாலையில் திராட்டிலை முழுவதும் முறுக்கிப் பிடிக்கும்போது, கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூடேறி, சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அந்தச் செலவு பல மாதப் பெட்ரோல் செலவை விழுங்கிவிடும்.

முதலில் அளவைச் சரிபாருங்கள். தொட்டியைக் கழுத்து வரை நிரப்பி, ஒரே பாதையைச் சுற்றி வந்து, மீண்டும் அதே கழுத்து மட்டம் வரை எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளவுக்குவளையால் அளந்து பார்க்க வேண்டும். இந்த வண்டியில் தூரமானி முன்சக்கரத்திலிருந்து இயங்குவதால், மழைக்குப் பிந்தைய சேற்றில் பின்சக்கரம் சுழன்ற சுழற்சியெல்லாம் கணக்கில் வராது. ஆகவே ஈர மண்ணில் எடுத்த கணக்கை உலர்ந்த நாளின் கணக்கோடு ஒப்பிடுவது பொருந்தாது.

அடுத்து, காணாமற்போகும் பெட்ரோல் எஞ்சினுக்குள் போகிறதா, தரையில் போகிறதா என்று பிரித்தறிய வேண்டும். வண்டியைப் பக்கத் தாங்கியில் சாய்த்து, பெட்ரோல் குழாயைத் திறந்தே வைத்து, கார்பரேட்டரின் வழிவுக் குழாய்களின் நுனியில் காகிதம் வைத்துச் சிறிது நேரம் விடுங்கள். காகிதம் நனைந்தால், கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழியை மூடும் மிதவையின் ஊசி வால்வு சரியாக அடைக்கவில்லை என்று பொருள். ஊசியின் கூம்பு நுனியில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். காகிதம் நனையாவிட்டாலும் மிதவையின் உயரத்தை அளப்பது நல்லது. ஊசியின் சிறு சுருள் அழுந்தாமல், மிதவையின் நாக்கு அதை மெல்லத் தொடும் நிலையில் கார்பரேட்டரைச் சாய்த்துப் பிடித்து அளந்து, உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். பெட்ரோல் மட்டம் இரண்டு மில்லிமீட்டர் உயர்ந்திருந்தாலே எல்லாத் திறப்பிலும் கலவை கெட்டியாகிவிடும், அதாவது காற்றின் அளவுக்குப் பெட்ரோல் மிகுந்துவிடும்.

இதுவும் சரியாக இருந்தால், என் சந்தேகம் முழுவதும் ஜெட் ஊசியின் மேலும் (மிதவையின் ஊசி வேறு, இது வேறு) அது நுழைந்து ஏறியிறங்கும் துளையின் மேலும்தான் விழுகிறது. கால் திறப்பிலிருந்து முக்கால் திறப்பு வரை பெட்ரோலை அளந்து விடுவது இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியே. எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் ஊசி அதிர்ந்து துளையின் ஓரத்தை உரசிக்கொண்டே இருப்பதால், பல ஆண்டுகளில் ஊசி தேய்ந்து, வட்டமான துளையும் நீள்வட்டமாகிவிடும். முப்பது ஆண்டைத் தொடும் வண்டியில் இது நிகழாதிருந்தால்தான் வியப்பு. நீங்கள் அதிகம் பயன்படுத்தும் திறப்பில்தான் இழப்பும் அதிகம் என்பதால், 16 கிலோமீட்டர் 9 ஆகச் சுருங்கியதில் இதற்குப் பெரும்பங்கு இருக்கக்கூடும். ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாக நசுங்கியிருந்தால் அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது. ஊசியும் துளையும் சேர்ந்தே தேய்பவை என்பதால் ஊசியை மட்டும் மாற்றினால் பாதிப் பயன்தான் கிடைக்கும். துளைத்துண்டு கார்பரேட்டர் உடலோடு அழுத்திப் பொருத்தப்பட்ட வகையாக இருந்து, அதைத் தனியாக மாற்ற முடியாதென்றால், நல்ல நிலையிலுள்ள வேறொரு கார்பரேட்டரைத் தேடுவதே உத்தமம். ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றி ஊசியைத் தாழ்த்துவது தற்காலிக நிவாரணம் தரும். ஆனால் தேய்மானம் எல்லாத் திறப்பிலும் ஒரே அளவில் இராது என்பதால் ஓரிடத்தில் சரியாகி வேறோரிடத்தில் பிசகும்.

கார்பரேட்டர் கையிலிருக்கும்போதே சோக்கின் அடைப்பானைப் பாருங்கள். அதன் ரப்பர் நுனி இறுகி வெடித்திருந்தால், குமிழை அழுத்தி மூடிய பிறகும் சோக் பாதி திறந்த நிலையில்தான் வண்டி ஓடும். காற்று வடிகட்டியின் நுரைத்துண்டைப் பற்றி எல்லோரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கழுவி, உரிய எண்ணெய் தடவி, பிழிந்து போடுங்கள்.

இனி எஞ்சின் பக்கம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிந்த புகை வெளியேறும் நேரத்திலேயே புதுக் கலவையும் உள்ளே நுழைவதால், அதில் ஒரு பகுதி எரியாமலே புகைபோக்கி வழியாக நழுவிவிடும். இது அதன் பிறவிக் குணம். வயிறு பெருத்த அந்தப் புகைக்குழாயின் வேலைகளில் ஒன்று, நழுவிய கலவையை அழுத்த அலையால் மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுவது. குழாய் கல்லில் மோதிப் பெரிதாக நசுங்கியிருந்தாலோ, சிலிண்டரோடு இணையும் இடத்தில் கசிந்தாலோ, உள்ளே கரி படிந்திருந்தாலோ அந்த அலை தடுமாறி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் பச்சையாகவே வெளியே போகும்.

உங்கள் வண்டியில் கிப்ஸ் எனப்படும் பவர் வால்வும் உண்டு. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது புகை வாயிலைச் சுருக்கி, வேகமேறும்போது திறப்பது அதன் வேலை. எண்ணெய்க் கரி படிந்து அது திறந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டால், கீழ்வேகத்தில் இழுவை செத்துவிடும். மேடேறுவதற்கு நீங்கள் கியரைக் குறைத்து எஞ்சினைக் கத்தவிட்டு ஓட்டுவீர்கள். மேட்டில் முன்போல் இரண்டாம் கியரில் ஏற முடியவில்லை என்றால் இதைத் திறந்து சுத்தம் செய்யாமல் வேறு எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கலவையை எஞ்சினுக்குள் விட்டு, திரும்பி வராமல் தடுக்கும் ரீட் வால்வின் இதழ்கள் ஓரம் பிய்ந்தோ மூடாமல் தூக்கிக்கொண்டோ இருந்தாலும் இதே கதைதான். உள்ளே போன கலவை பின்னோக்கிக் கார்பரேட்டருக்குத் திரும்பி, மறுபடியும் உள்ளே போகும்போது, அதே காற்று ஜெட்டின் மேல் பலமுறை கடந்து ஒவ்வொரு முறையும் பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். காற்று வடிகட்டியின் பெட்டி பெட்ரோலும் எண்ணெயுமாக நனைந்திருப்பது இதற்கு நல்ல அடையாளம். பிளக்கின் ஈரம் பெட்ரோலா எண்ணெயா என்பதையும் விரலில் தேய்த்துப் பாருங்கள். எண்ணெயாக இருந்து, கியர் பெட்டியின் எண்ணெய் மட்டமும் குறைந்து வந்தால், கிளச் பக்கத்து ஆயில் சீல் போயிருக்கிறது. அது பெட்ரோல் பிரச்சினையே அல்ல.

இவற்றோடு, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு பிரேக் உரசுகிறதா என்றும், மேட்டில் வேகம் ஏறாமல் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறிக் கிளச் நழுவுகிறதா என்றும் பாருங்கள்.

இவை எல்லாம் சரியான பிறகும் கலவை கெட்டியாகவே இருந்தால், அப்போது ஜெட்டைப் பற்றிப் பேசலாம். 15 பாகை வெப்பத்தில் உள்ள காற்றைவிட 33 பாகையில் உள்ள நம் பினாங்குக் காற்று ஏறத்தாழ 6 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. குளிர் நாட்டுக்காக அமைக்கப்பட்ட ஜெட்டுகள் இங்கே சற்றுப் பெரியவையாகவே இருக்கும். அப்போதும் குறைந்த திறப்புக்கான பைலட் ஜெட், காற்றுத் திருகு, ஊசி என்று கீழிருந்து தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மெயின் ஜெட்டைக் கடைசியாக, ஒவ்வோர் எண்ணாக, புதுப் பிளக்கின் பீங்கான் நிறத்தைப் பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டும். கெய்ஹின், மிக்குனி ஆகிய கார்பரேட்டர் நிறுவனங்களின் ஜெட் எண்கள் ஒரே அளவைக் குறிப்பவை அல்ல என்பதையும் கடையில் வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

கேள்வி: என் வண்டியில் டூ ஸ்ட்ரோக் எண்ணெயை 20க்கு 1 என்று கலக்கிறேன். எண்ணெயைக் குறைத்தால் புகையும் பெட்ரோல் செலவும் குறையுமா?
– வாசகர், நிபோங் திபால்

பதில்: புகை குறையும், கலவையின் கெட்டித்தன்மை குறையாது, சற்றே கூடும். லிட்டருக்கு 50 மில்லிலிட்டர் எண்ணெய் கலந்தால், ஜெட் வழியாகப் போகும் திரவத்தில் பெட்ரோலின் பங்கு 95.2 விழுக்காடு. 40க்கு 1 என்று 25 மில்லிலிட்டர் கலந்தால் அது 97.6 விழுக்காடாகிறது. எண்ணெயைக் கூட்டினால் வண்டி ‘ரிச்’ ஆகும் என்று பலர் நம்புவது தலைகீழானது. ஆகவே கையேடு சொல்லும் விகிதத்தைத் தரமான எண்ணெயோடு கடைப்பிடியுங்கள். பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணெயில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: ரோன் 97 பெட்ரோல் ஊற்றினால் லிட்டருக்குக் கூடுதல் தூரம் கிடைக்குமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: எஞ்சின் தட்டும் ஓசை எழாமல் ரோன் 95இல் ஓடுகிறதென்றால் கிடைக்காது. அந்த எண் பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறனைக் குறிப்பதே தவிர, அதிலுள்ள சக்தியின் அளவை அல்ல. சிலிண்டர் தலையைச் சீவி அழுத்தத்தைக் கூட்டிய வண்டிகளுக்கு மட்டும் 97 தேவைப்படலாம்.