பைன் பலகைகளை வீட்டுக் கணப்பில் எரிக்கலாமா?

கேள்வி: ஓசூர்ப் பக்கம் பேக்கிங்குக்குப் பயன்பட்ட பைன் பலகைகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வீட்டுக் கணப்பில் எரித்தால் புகைக்குழாயில் தார் போன்ற கீல் படிந்து தீப்பிடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

எரிக்கலாம். தளிக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டில் ஐந்து குளிர்காலங்களாகப் பெரும்பாலும் பைன் பலகைகளைத்தான் எரித்து வருகிறோம். நீங்கள் அஞ்சுகிற அந்தக் கீல் எங்கள் குழாயிலும் ஒருமுறை படிந்தது. ஆனால் அப்போது நாங்கள் எரித்துக்கொண்டிருந்தது புளிய விறகு.

வீடு கட்டிய ஆண்டில், ஒரு பட்டறையில் கனமான இரும்புத் தகட்டில் அடுப்பு செய்யச் சொல்லி, அதன் குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றியிருந்தோம். ஐப்பசி மழையில் சாய்ந்த புளிய மரத்தின் கிளைகளைத் துண்டு போட்டு, நனையக் கூடாதே என்று தார்ப்பாயால் இறுக மூடி வைத்து, மார்கழியில் எரிக்கத் தொடங்கினோம். விடியும்வரை தணல் நிற்க வேண்டும் என்பதற்காகக் காற்று வாயை ஏறக்குறைய முழுவதும் அடைத்துவிட்டுத்தான் படுப்போம். தை பிறப்பதற்குள் குழாயின் மூட்டுகளில் கறுத்த நீர் கசிந்து, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் கோடு கோடாக இறங்கியது. கழற்றிப் பார்த்தால், உள்ளே விரல் கனத்துக்குப் பளபளவென்று கருங்கீல். “பைன் எரிச்சா இப்படித்தான் ஆகும் அண்ணா” என்றார் பட்டறைக்காரர். அதுவரை அந்த அடுப்பு ஒரு பைன் சிராயைக்கூடக் கண்டதில்லை.

கிரியோசோட் எனப்படும் இந்தக் கீல், மரத்தின் பிசினிலிருந்து நேராக வருவதன்று. முழுமையாக எரியாத புகை, குளிர்ந்த குழாயின் உட்சுவரில் பட்டு உறைந்து படிவதே அது. விறகில் ஈரம் இருந்தாலும், காற்றை அடைத்துத் தீயைப் புகையவிட்டாலும், எந்த மரமாக இருந்தாலும் இது நேரும். பச்சை விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர்தான்; முப்பது கிலோ பச்சை விறகை அடுப்பில் போடுவது, ஒரு குடம் நீரையும் சேர்த்துக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் வேலை. அறைக்கு வர வேண்டிய சூடு அதிலேயே போய்விடுவதால் தீயும் மந்தமாகிறது, குழாயும் குளிர்ந்துபோகிறது. பைனின் பிசினோ, காய்ந்த நிலையில் நல்ல காற்றோட்டம் கிடைத்தால், முழுவதும் எரிந்து கூடுதல் சூட்டையே தரும். பைன் போன்ற ஊசியிலை மரங்களும் பிர்ச் மரமும் நிறைந்த பின்லாந்து, சுவீடன் போன்ற நாடுகளில் காலங்காலமாக இவற்றை எரித்துத்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள்.

ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விறகு எரிக்கத் தகுந்தது. அதை அளக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்த கட்டை கணீரென்று ஒலிக்கும். ஈரக் கட்டை தொப்பென்று அடங்கிவிடும். தார்ப்பாயை விறகின் தலைக்கு மேல் மட்டும் போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும் என்பதை நான் அந்தப் புளிய விறகிடம்தான் கற்றேன்.

பேக்கிங் பலகையில் நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. நியூசிலாந்து போன்ற நாடுகளிலிருந்து கப்பலேறி வரும் பைன், பெட்டிகளாகவும் சரக்கை அடுக்கி வைக்கும் பேலட்டுகளாகவும் மாறி, சிப்காட் தொழிற்சாலைகளில் சுமை இறக்கியபின் பழைய மரக்கடைக்கு வருகிறது. ஏற்றுமதிக்குப் பயன்பட்ட பேலட்டின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரையும், நாட்டின் இரண்டெழுத்துக் குறியும் சூடு போட்டதுபோலப் பதிந்திருக்கும். அதில் ஹெச்.டி. (HT) என்று இருந்தால், பூச்சிகள் சாவதற்காக மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரிச் சூட்டில் 30 நிமிடம் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதை எரிக்கலாம், ஆனால் அந்த முத்திரை மரம் காய்ந்துவிட்டதற்குச் சான்றாகாது, திறந்தவெளியில் மழையில் கிடந்திருந்தால் சொல்லவே வேண்டாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயுவால் புகையூட்டியது; அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். எண்ணெய்க் கறை படிந்தவை, சாயம் பூசியவை, மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த கட்டைகள், பச்சை நிறம் ஏறிய மருந்திட்ட மரம் ஆகியவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். மருந்திட்ட மரத்தில் ஆர்சனிக் இருக்கக்கூடும். எரித்தாலும் அது சாம்பலில் தங்கிவிடும். முத்திரையே இல்லாதவை உள்நாட்டுக்குள் சுற்றியவை. எந்தச் சரக்கைச் சுமந்தது என்று கடைக்காரரிடம் கேட்டுத்தான் நான் எடுப்பேன்.

எடைக்கு எடை பார்த்தால், காய்ந்த பைனும் காய்ந்த புளியும் தரும் சூட்டில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பைன் லேசான மரம். அதே அளவு கட்டை புளியின் பாதியை ஒட்டிய எடைதான் இருக்கும். ஆகவே கற்பூரம்போலப் பற்றிக்கொண்டு விரைவில் எரிந்து தீரும். தணலும் அதிகம் நிற்காது. மாலையில் பைனைப் போட்டு அறையைச் சூடாக்கிவிட்டு, எட்டு மணிக்குமேல் நன்கு உலர்ந்த புளி அல்லது கருவேலங்கட்டை இரண்டைச் சேர்ப்பது எங்கள் வழக்கம். பிசின் வெடித்துப் பொறி தெறிக்கும் என்பதால், கதவில்லாத கணப்பாக இருந்தால் முன்னால் கம்பிவலை கட்டாயம் வேண்டும். குழாயை ஆண்டுக்கு ஒருமுறையாவது கம்பித் தூரிகையால் தேய்த்துவிடுங்கள்.

புகைக்குழாய் இல்லாத அறையில் கேள்விக்கே இடமில்லை. எங்கள் பக்கத்தில் இன்னும் சிலர் இரும்புச் சட்டியில் தணலை அள்ளிப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். கணப்பு உள்ள அறையிலும் சன்னலை ஒரு விரற்கடையேனும் திறந்து வைத்திருங்கள்.

இன்னொன்று. பலகையில் உள்ள ஆணிகளை எவ்வளவு பிடுங்கினாலும் சில தப்பிவிடும். சாம்பலை ரோஜாப் பாத்திகளுக்குப் போடும் எண்ணம் இருந்தால், முதலில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அதில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். பாத்தியில் வெறுங்காலோடு இறங்கிய என் மனைவி, தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்த அன்றிலிருந்து அந்தக் காந்தம் அடுப்புக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது.