பாதம் மரத்ததற்கு முழு உடல் ஸ்கேனா?

கேள்வி: எனக்கு 56 வயது. இடது மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து 14 மாதங்கள் ஆகின்றன. இப்போது தினமும் லெட்ரோசோல் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை மட்டும்தான். ஆனால் இரண்டு பாதங்களும் கீமோ காலத்திலிருந்தே மரத்துக் கிடக்கின்றன. போன வாரம் ஒரு கால் செருப்பு வாசலிலேயே கழன்று நின்றுவிட்டது; கூடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். நோய் முதுகெலும்புக்குப் போய்விட்டதோ என்று தூக்கமே இல்லை. டாக்டர் "இது இருக்கத்தான் செய்யும்" என்று நாலு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். ஒரு பரிசோதனை மையத்தின் ஏஜென்ட் விடாமல் போன் செய்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு உடல் பெட் ஸ்கேனும், ட்யூமர் மார்க்கர் என்ற புற்றுநோய் ரத்தப் பரிசோதனையும் எடுத்தால் நிம்மதி என்கிறார். எடுக்கட்டுமா?

பதில்: எடுக்க வேண்டாம். உங்கள் டாக்டர் சொன்னது சரி, சொன்ன விதம்தான் சரியில்லை. ஏன் மரக்கிறது, எத்தனை நாள் இருக்கும் என்று கூடுதலாக இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த ஏஜென்ட்டின் போனையே நீங்கள் எடுத்திருக்க மாட்டீர்கள்.

நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியில் "கீமோ கொடுக்கப்பட்டது" என்று ஒரே வரி. எந்த மருந்து, எவ்வளவு என்று ஒன்றும் இல்லை. நல்லவேளை, நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள்: "முதலில் சிவப்பு மருந்து 4 தடவை, அப்புறம் வாராவாரம் 12 தடவை." அந்தப் பன்னிரண்டு பெரும்பாலும் பேக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து. உங்கள் பாதத்துக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நரம்பு என்பது முதுகுத்தண்டின் ஓரத்திலிருந்து கால்விரல் வரை ஓடும் ஒரே நீள இழை. விரல் நுனிக்குத் தேவையான சரக்கெல்லாம் அந்த இழைக்குள்ளேயே, ஒரு மாதிரி தண்டவாளத்தில், மேலிருந்து கீழே போய்ச் சேர வேண்டும். புற்றுநோய் செல் இரண்டாகப் பிரிவதற்கும் அதே மாதிரி தண்டவாளம்தான் வேண்டும். பேக்லிடாக்சல் அதை இறுக்கிப் பூட்டிவிடுகிறது. செல் சாகிறது, கூடவே நரம்பிலும் போக்குவரத்து கெடுகிறது. எங்கே தூரம் அதிகமோ அங்கேதான் முதலில் அடி. அதனால்தான் இரண்டு காலிலும் ஒரே மாதிரி, விரலில் ஆரம்பித்து, காலுறை போட்ட அளவுக்கு மரக்கிறது. முடிந்த பிறகு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். சிலருக்கு வருடக்கணக்கில் மிச்சம் இருந்துவிடும்.

முதுகெலும்பு விஷயமாக நடந்தால் அது வேறு மாதிரி இருக்கும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே மட்டும் தாமதிக்கக் கூடாது. முதுகில் ஒரே இடத்தில் புதிதாக வலி. படுத்தால் அதிகமாகிறது, இருமினால் தெறிக்கிறது, நாளுக்கு நாள் ஏறுகிறது. மரப்பு மட்டுமல்ல, காலில் பலமே குறைகிறது; நேற்று ஏறிய படி இன்று ஏற முடியவில்லை. சிறுநீர் முட்டுகிறது, ஆனால் வரவில்லை. அல்லது போனதே தெரியவில்லை. உட்காரும் இடத்திலும் தொடை இடுக்கிலும் தொட்டால் உணர்ச்சி இல்லை. இதில் எதுவாவது வந்தால் அடுத்த செக்கப் தேதி, ஏஜென்ட் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றைக்கே, ராத்திரியானாலும், அவசரப் பிரிவுக்குப் போய் "எனக்குப் புற்றுநோய் இருந்தது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அங்கே முதுகுக்கு எம்ஆர்ஐ எடுப்பார்கள். கால் செயலிழந்த பிறகு போனால் திரும்புவது கஷ்டம். 14 மாதமாக ஒரே மாதிரி மரத்துக் கிடக்கும் இரண்டு பாதம் இந்தக் கணக்கில் வராது.

இனி அந்த ஏஜென்ட். உங்கள் நம்பரும், உங்களுக்குப் புற்றுநோய் இருந்த விஷயமும் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று முதலில் கேளுங்கள். பதில் வராது. மார்பகப் புற்றுநோய் முடிந்து, தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு அடிக்கடி ஸ்கேன் எடுப்பதால் லாபம் உண்டா என்று இத்தாலியில் இரண்டு ஆய்வுகள் நடத்தி 1994-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொன்றிலும் 1,200-க்கு மேற்பட்ட பெண்கள். அடிக்கடி எடுத்தவர்கள் அதனால் கூடுதல் நாள் வாழவில்லை. "அது பழைய மெஷின், இது புதுசு" என்பார். புது மெஷினையும் மார்க்கரையும் வழக்கமான செக்கப்பில் சேர்க்கச் சொல்லி முக்கியமான வழிகாட்டு நெறிகள் எதுவும் இன்றுவரை சொல்லவில்லை. டாக்டரின் பரிசோதனை முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு வருடம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடாவருடம். கூடவே வருடம் ஒரு மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. அவ்வளவுதான்.

பெட் ஸ்கேன், உடம்பில் ஏற்றிய கதிரியக்கச் சர்க்கரை அதிகம் சேரும் இடத்தை ஒளிரக் காட்டும். ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அல்ல. பழைய காசநோய்த் தழும்பும் ஒளிரும், போன வாரம் போட்ட தடுப்பூசியால் வீங்கிய நெறிக்கட்டியும் ஒளிரும். என்னிடம் ஒருவர் அப்படி ஒரு புள்ளியோடு வந்தார். ஊசி போட்டுச் சதை எடுத்து, நுரையீரலில் காற்று கசிந்து, ஆஸ்பத்திரியில் படுத்து, கடைசியில் ஒன்றுமில்லை. நிம்மதிக்காக எடுத்த ஸ்கேன் அது! குடல் புற்றுநோய்க்கு மார்க்கர் பார்க்கிறார்களே என்று யாராவது சொல்வார்கள். அது வேறு நோய், வேறு கணக்கு.

ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்றால் எலும்பு அடர்த்தி ஸ்கேன், டெக்சா என்பார்களே, அதைக் கேளுங்கள். லெட்ரோசோல் எலும்பைத் தேய்க்கும். தரை தெரியாத பாதமும் தேய்ந்த எலும்பும் சேர்ந்தால் ஒரு வழுக்கலில் இடுப்பு போய்விடும். உங்களுக்கு இன்று இருக்கிற நிஜமான ஆபத்து இதுதான், ஆனால் டெக்சாவை விற்க யாரும் போன் செய்வதில்லை.

அப்புறம் "நரம்புச் சத்து" மாத்திரைகள். பலவற்றில் பி6 வைட்டமின் அள்ளிப் போட்டிருக்கும். அதை மாதக்கணக்கில் அதிக அளவு விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுத்துப் பாதத்தை மரக்கவைக்கும். அசிட்டைல் எல் கார்னிட்டின் என்று ஒன்று விற்கிறார்கள். உங்களுக்குக் கொடுத்த அதே வகை கீமோ எடுத்த 409 பெண்களிடம் சோதித்த ஆய்வு 2013-இல் வந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் மரப்பு மோசமானது. உங்களிடம் இருக்கும் டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை, பி12, தைராய்டு மூன்றுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். மரப்பைக் கூட்டும் வேறு காரணம் இருந்தால் அதில் தெரியும். எரிச்சலும் வலியும் இருந்தால் டுலாக்செட்டின் என்ற மாத்திரை சிலருக்கு உதவுகிறது. வெறும் மரப்புக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது.

மற்றதெல்லாம் வீட்டு வேலை. தினமும் படுக்கும் முன் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். குண்டூசி குத்தியிருப்பதே தெரியாமல் இரண்டு நாள் நடந்தவரைப் பார்த்திருக்கிறேன். பின்வார் இல்லாத செருப்பை வீட்டுக்குள்கூடப் போடாதீர்கள். வெந்நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள், காலால் வேண்டாம். ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் சின்ன விளக்கு எரியட்டும். மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். பிசியோதெரபிஸ்ட் இருந்தால் இன்னும் நல்லது.

அந்த ஒரு வரி சம்மரியை அப்படியே விடாதீர்கள். டாக்சோரூபிசின் போன்ற சிவப்பு நிறக் கீமோ மருந்துகளுக்கு, அவை இதயத்தைப் பாதிக்கும் என்பதால், வாழ்நாள் முழுதுக்கும் சேர்த்து ஓர் உச்ச அளவு உண்டு. உங்களுக்கு எவ்வளவு ஏற்றினார்கள் என்பது பத்து வருடம் கழித்து மூச்சு வாங்கினால் வேறொரு டாக்டருக்குத் தேவைப்படும். மருந்தின் பெயர், மொத்த மில்லிகிராம், ரேடியேஷன் எந்தப் பக்கம், எத்தனை கிரே (ரேடியேஷனின் அளவு). இதைக் கேட்க நோயாளிதான் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது என்பது எங்கள் தொழிலுக்கு வெட்கம். எழுதுங்கள், வாங்காமல் விடாதீர்கள். அடுத்த முறை உள்ளே போனதும் உட்காருவதற்கு முன்பே செருப்பைக் கழற்றிவிடுங்கள்; நாலு நிமிடத்தில் ஒரு நிமிடமாவது அவர் பாதத்தைப் பார்த்தாக வேண்டும்.