பிரதேச சபைக்கு இதில் என்ன வேலை?

வணக்கம்.

நான் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் பிறந்தவன். இப்போது மெல்பேர்ணில் இருக்கிறேன். இலங்கையில் புதிய அரசியலமைப்பு வந்தால் சர்வசன வாக்கெடுப்பும் வரும் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. ஊரில் பிரதேச சபை உறுப்பினராக இருக்கிற என் பள்ளித் தோழன், அப்படி வந்தால் தங்கள் சபை ஆதரவோ எதிர்ப்போ ஒரு தீர்மானம் எடுத்தே ஆகவேண்டும் என்கிறான். எனக்கு உடன்பாடில்லை. 2023இல் அவுஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்கள் நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ஒரு அமைப்பை அரசியலமைப்பில் சேர்க்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, சிட்னி மாநகர சபை உட்படப் பல சபைகள் 'ஆம்' பக்கம் நின்றன. நாட்டில் பத்தில் ஆறு பேர் 'இல்லை' என்றார்கள். நானும் 'ஆம்' என்றுதான் வாக்களித்தேன். ஆனாலும் குப்பை அள்ளவும் நூலகம் நடத்தவும் நான் வரி கட்டுகிற சபை, எப்படி வாக்களிப்பது என்று எனக்குச் சொல்ல வந்தது எரிச்சலாக இருந்தது. ஊரில் பாதி வீதி குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. சபை அதைப் பார்க்கட்டுமே. தோழனிடம் என்ன சொல்ல?

(ஒரு வாசகர், மெல்பேர்ண்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் எரிச்சல் விளங்குகிறது. ஆனாலும் நான் உங்கள் தோழனின் பக்கம். வன்னியில் இருக்கிற சபை என்றால் இது கட்டாயம் செய்ய வேண்டிய வேலை என்றே சொல்வேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் இருக்கிற நாட்டில் வாக்கெடுப்பு வெல்வதற்கு இரண்டு கணக்குத் தேவை. நாடு முழுவதிலும் பெரும்பான்மை வேண்டும். ஆறு மாநிலங்களில் நான்கிலாவது பெரும்பான்மையும் வேண்டும். 1901க்குப் பிறகு 45 கேள்விகள் கேட்டு 8தான் வென்றிருக்கின்றன. ஒரு பகுதி தனியாக என்ன நினைக்கிறது என்பதற்கு அங்கே கணக்கிலேயே இடம் இருக்கிறது. இங்கே அது கிடையாது. எங்கள் அரசியலமைப்பின் 85ஆம் உறுப்புரைப்படி, செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் விழுந்தால் சரி. (வாக்களித்தவர் தொகை மிகக் குறைந்தால் மட்டும் இன்னொரு நிபந்தனை உண்டு.) நெடுங்கேணியில் விழுந்த வாக்கும் மாத்தறையில் விழுந்த வாக்கும் ஒரே கூட்டலுக்குள் போய்விடும்.

அந்தக் கூட்டலை நாங்கள் ஒருமுறை பார்த்திருக்கிறோம். 1982 டிசெம்பர் 22. பொதுத் தேர்தல் வைக்காமல் நாடாளுமன்றத்தின் ஆயுளை இன்னும் ஆறு வருடம் நீட்டலாமா என்பது கேள்வி. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். விளக்குக்கு 31 இலட்சத்துக்கு மேல் வாக்கு, குடத்துக்கு 26 இலட்சம். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டார்கள். அதனால் முடிவில் ஒரு மாற்றமும் வரவில்லை.

வன்னியின் நிலை இன்னும் சிக்கல். கிளிநொச்சி வாக்குகள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு எண்ணப்படுகின்றன. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். தொகுதிவாரியாக எண்ணிக்கை எடுக்கலாம். ஆனால் ஏன் அப்படிப் போட்டார்கள் என்பதை எந்தப் பெறுபேற்றுத் தாளிலும் எடுக்க முடியாது. அதை எழுதிவைக்க அப்போது கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு சபைகூட இருக்கவில்லை. கிராம சபைகளையும் பட்டின சபைகளையும் 1981இல் ஒழித்துவிட்டு மாவட்ட அபிவிருத்திச் சபைகளைக் கொண்டுவந்திருந்தார்கள். 1982இல் குளத்தோரத்து ஊர்ச்சனம் குடத்துக்குப் போட்ட காரணத்தைச் சொல்ல இன்று வயதானவர்களின் ஞாபகம்தான் மிச்சம். 2009இல் உடுத்த துணியோடு வெளியேறிய சனத்திடம் வேறு என்ன பதிவு இருக்கப் போகிறது?

இப்போது யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. ஊர்மக்களுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடுவில் வாக்குப் போட்டுத் தெரிவான ஒரே அமைப்பு இந்தச் சபைகள்தான். அவற்றுக்கும் 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய தேர்தல் காசில்லை என்று தள்ளிப்போய், அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024இல் உயர் நீதிமன்றம் சொல்லி, 2025 மே 6இல்தான் நடந்தது. இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த சபை, நாட்டின் அடிப்படைச் சட்டம் மாறுகிற நேரத்தில் வாய் மூடி இருக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியாது.

சரி, வீதிக்கு வருவோம். சபை வீதியைப் பார்க்கட்டும் என்கிறீர்கள். வன்னியில் வீதியைப் பார்க்கப் போகிற சபை எங்கே போய் முட்டுகிறது? வனவளத் திணைக்களத்திடம். போர்க்காலத்தில் சனம் இடம்பெயர்ந்த ஊர்களில் வளவும் வயலும் பற்றைக்காடாகிக் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் அதற்குள் எல்லைக்கல் நிற்கிறது; வர்த்தமானியில் அது காடு. முன்பு மாட்டுவண்டி போன பாதைக்குக் கிறவல் கொட்டுவதென்றால் அனுமதிக் கடிதத்தோடு அலைய வேண்டும். இன்னொரு பக்கம் மகாவலி அதிகாரசபை, இன்னொரு பக்கம் தொல்பொருள் திணைக்களம். வவுனியா வடக்கில் வெடுக்குநாறிமலையில் 2024 சிவராத்திரி அன்று பூசைக்குப் போனவர்கள் கைதுசெய்யப்பட்டார்கள். கோவிலா விகாரையா என்று இழுபடுகிற முல்லைத்தீவுக் குருந்தூர்மலைப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. மாகாண சபைகளுக்கு வழிவிட்ட 13ஆம் திருத்தம், காணியை மாகாணங்களின் அதிகாரப் பட்டியலில் போட்டது. அது சொன்ன தேசிய காணி ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை.

83ஆம் உறுப்புரையை இந்த இடத்தில் வைத்து வாசியுங்கள். ஒற்றையாட்சி என்று சொல்கிற 2ஆம் உறுப்புரையை மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டும் வேண்டும், சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிற 9ஆம் உறுப்புரைக்கும் அப்படியே. ஒரு வீதிக்குக் கிறவல் போடும் முடிவு ஊரில் எடுக்கப்படுமா கொழும்பில் எடுக்கப்படுமா என்பது அந்த வாக்குச்சீட்டோடு கட்டுண்டு கிடக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவை, வீதி ஆகியவற்றோடு நிறுத்தவில்லை. தன் பிரதேச மக்களின் வசதியையும் நலனையும் பாதுகாத்து வளர்க்கும் பொறுப்பையும் சபையிடம் கொடுக்கிறது. இந்தக் கேள்வியில் தன் சனத்தின் நலன் எங்கே இருக்கிறது என்று ஒரு சபை சொல்வது அந்தப் பொறுப்புக்குள் வருகிறது என்பதே என் வாசிப்பு.

உங்களுக்கு எரிச்சல் வந்த இடத்தில் மட்டும் நான் முழுக்க உங்களோடு நிற்கிறேன். எப்படி வாக்களிப்பது என்று சபை யாருக்கும் சொல்லக் கூடாது. சோலைவரிக் காசில் துண்டுப்பிரசுரம் அடிக்கக் கூடாது. தண்ணீர் பவுசரில் சுவரொட்டி ஒட்டக் கூடாது, சபை ஊழியரைப் பிரசாரத்துக்கு அனுப்பக் கூடாது. சபையின் தீர்மானத்தால் ஒரு வாக்கும் கட்டுப்படாது. இந்த ஊர் என்ன சொன்னது, என்ன காரணத்தோடு சொன்னது என்ற பதிவாக மட்டும் அது இருக்கட்டும்.

அந்தப் பதிவு உண்மையாக இருக்க வேண்டும். எனக்குப் பயம் இங்கேதான். எங்கள் சபைகளில் பெரிய விடயங்களுக்கான தீர்மானம் பல நேரம் கட்சித் தலைமையிடமிருந்து எழுதியபடி வருகிறது. காலையில் வாசிக்கிறார்கள், கைதூக்குகிறார்கள், ஏகமனது என்று செய்தி போகிறது, தேநீர் வருகிறது. கூட்டறிக்கையைப் பார்த்தால் அந்தப் பிரதேசத்தின் ஒரு குளத்தின் பெயர்கூட இருக்காது. அப்படி ஒரு தீர்மானம் வருவதைவிட வராமல் இருப்பது நல்லது. 1982இல் எதை இழந்தோமோ, அதையே மறுபடியும் இழப்போம்.

முதலில் சபை வட்டாரம் வட்டாரமாகச் சனசமூக நிலையத்திலோ பாடசாலை மண்டபத்திலோ கூட்டம் வைக்கட்டும். பேச்சாளர் வேண்டாம். கேள்வியைத் தமிழில் தெளிவாக அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டு, கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் மீனவர் சங்கமும் பேசுவதைக் குறித்துக்கொள்ளட்டும். பெண்கள் வந்து பேசக்கூடிய நேரத்தில் வைக்க வேண்டும். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் அதிகம் இருக்கிற ஊர்களில் மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்?

'எங்கள் சனம்' என்று எழுதும்போது யாரையெல்லாம் எண்ணுகிறோம் என்பதையும் சபை யோசிக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, இன்னும் முழுதாகத் திரும்பிக் குடியேற முடியாத முஸ்லிம் மக்கள் வன்னியின் மக்கள். 1977க்குப் பிறகு அடிபட்டு ஓடிவந்து எல்லைக் காணிகளில் காடு வெட்டிக் குடியேறிய மலையகத் தமிழர், இன்றும் பேமிற் (காணி அனுமதிப்பத்திரம்) இல்லாமல் வாடுகிறவர்கள் உட்பட, வன்னியின் மக்கள். சிங்கள உறுப்பினர்கள் இருக்கிற சபைகளும் உண்டு. அதிகாரம் கொழும்பிலிருந்து இறங்கி வர வேண்டும் என்று கேட்கிற சபை, தன் மேசையில் இருக்கிற சிறுபான்மைக் குரலை அமுக்கிவிட்டுக் கேட்க முடியாது. யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார், எதிர்த்தவரின் காரணம் என்ன என்பதெல்லாம் பெயரோடு கூட்டறிக்கையில் ஏறட்டும். பதினைந்து பேரில் நான்கு பேர் எதிர்த்த தீர்மானத்தை நான் ஏகமனதான தீர்மானத்தைவிட அதிகம் நம்புவேன்.

வாக்கெடுப்பு நாள் அறிவித்த பிறகு இதெல்லாம் செய்ய நேரம் கிடைக்காது. நாள் வராமலே போவதும் உண்டு. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தம், வடக்கோடு சேர்ந்திருப்பதா என்று கிழக்கு மக்களிடம் 1988 முடிவதற்குள் வாக்கெடுப்பில் கேட்கப்படும் என்றது. வருடாவருடம் ஒத்திவைத்தார்கள். 2006இல் இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கேட்பதாகச் சொன்ன கேள்வி மக்களிடம் கேட்கப்படவே இல்லை.

ஆகவே உங்கள் தோழனிடம், அடுத்த மாதாந்தக் கூட்டத்திலேயே ஒரு பிரேரணை கொடுக்கச் சொல்லுங்கள். ஆதரவா எதிர்ப்பா என்பது அதில் இப்போது வேண்டாம். வட்டாரக் கூட்டங்கள் நடத்துவது, காணி, வீதி, வழிபாட்டிடம் பற்றிச் சபைக்கு வந்த முறைப்பாடுகளை ஒன்றாகத் தொகுப்பது, இந்த இரண்டும் போதும். வாக்கெடுப்பு வந்தால் தீர்மானத்தின் காரணப் பகுதி கையில் தயாராக இருக்கும். வராவிட்டாலும் அந்தத் தொகுப்பைப் பிரதேச செயலாளரிடமும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். உங்களிடம் இலங்கை வாக்குரிமை இருக்கிறதோ இல்லையோ, ஒட்டுசுட்டானில் உங்கள் குடும்பக் காணி எல்லைக்கல்லுக்குள் போயிருந்தால் அந்த விபரத்தையும் எழுதித் தோழனுக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.