விட்டு வந்த மருத்துவப் படிப்பு: திரும்பிப் போக நினைப்பவர்களின் கேள்விகள்

அமெரிக்காவில் மருத்துவப் படிப்பில் சேர்ந்து, பாதியில் விலகி, இப்போது மறுபடி விண்ணப்பிக்க நினைப்பவர்களின் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. இரண்டு மூன்று கடிதங்களில் "இதை யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை" என்ற வரி இருந்தது. அதனால் இந்த முறை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயர்களையும் ஊர்களையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: முதல் வருடம் இரண்டாவது செமஸ்டரில் விலகிவிட்டேன். இரண்டு பாடங்களில் ஃபெயில். மூன்று வருடம் ஓடிவிட்டது. அந்தக் கல்லூரியைப் பற்றி வாயே திறக்காமல், முதல் முறை விண்ணப்பிப்பவன் மாதிரி விண்ணப்பித்தால் என்ன ஆகும்?

பதில்: வேண்டாம். மற்ற கேள்விகளில் "உங்கள் நிலைமையைப் பொறுத்தது" என்று சொல்ல இடம் இருக்கிறது. இதில் இல்லை.

எம்.டி. (அமெரிக்காவில் டாக்டராவதற்கான அடிப்படைப் பட்டம்) படிப்புகளுக்குப் பெரும்பாலும் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகத்தான் விண்ணப்பிக்கிறோம். இதற்கு முன் ஏதாவது மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறீர்களா என்று அந்தப் படிவத்திலேயே நேராகக் கேட்கிறார்கள். மதிப்பெண் குறைவுக்காகவோ நடத்தைக்காகவோ எந்தக் கல்லூரியாவது உங்கள்மேல் நடவடிக்கை எடுத்ததா என்பது தனிக் கேள்வி. அந்த நடவடிக்கையால் படிப்பு நிற்கவில்லை என்றாலும் அதற்கு 'ஆம்' என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளி முடித்த பிறகு நீங்கள் சேர்ந்த ஒவ்வொரு கல்லூரியையும் எழுதி, டிரான்ஸ்கிரிப்டும் (மதிப்பெண் பதிவு) அனுப்ப வேண்டும். ஒரு கிரெடிட்கூட வாங்காமல் வந்திருந்தாலும் அந்தக் கல்லூரி கணக்கில் உண்டு. டி.ஓ. என்ற இன்னொரு வகை மருத்துவப் பட்டத்துக்கான ஆகோமாஸ் மூலம் போனாலும், டெக்சாஸ் கல்லூரிகளுக்கான டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். மூலம் போனாலும் முந்தைய படிப்பைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

'யாருக்குத் தெரியப் போகிறது' என்று நினைக்கலாம். நீங்கள் சேர்ந்ததும் விலகியதும் கல்லூரிப் பதிவில் இருக்கிறது. கல்விக் கடன் வாங்கியிருந்தால் அந்தக் கணக்கிலும் இருக்கிறது. தகவல் முரண்பட்டால், ஆம்காஸை நடத்தும் ஏ.ஏ.எம்.சி. (அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம்) விசாரித்து, அந்த அறிக்கையை நீங்கள் விண்ணப்பித்த கல்லூரிகளுக்கே அனுப்பிவிடும். அங்கே தப்பித்தாலும் விஷயம் முடியாது. நான்கு வருடம் கழித்து ரெசிடென்சிக்கு (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) விண்ணப்பிக்கும்போது அதற்கான எராஸ் படிவம், மருத்துவப் படிப்பு இடையில் நின்றதா என்று கேட்கும். அப்புறம் மாநில மருத்துவ வாரியத்தில் லைசென்ஸ் கேட்கப் போகும்போது படித்த இடங்களை எல்லாம் மறுபடி துருவுவார்கள். இரண்டு பாடத்தில் ஃபெயில் ஆனதை மன்னிக்கும் குழுக்கள் இருக்கின்றன. பொய் சொன்னவரை மன்னித்த குழுவை நான் இதுவரை பார்த்ததில்லை.

மறைக்கத் தோன்றுவது ஏன் என்று எனக்குத் தெரியும். வெள்ளைக் கோட் போட்டுவிட்ட விழாவின் படம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும். சொந்தக்காரர்கள் அப்போதே டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்திருப்பார்கள். அந்தப் படத்தைக் கழற்றிய நாளை மறுபடி ஒரு படிவத்தில் எழுது என்றால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் சேர்க்கைக் குழு தேடுவது வேறு: அன்று உங்களை விழவைத்தது எது, அது இன்று எப்படி மாறியிருக்கிறது? அதற்கு உங்களிடம் பதில் இருந்தால், மறைக்க வேண்டிய தேவையே போய்விடும்.

கேள்வி: நான் "தானாக விலகினேன்" என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் கல்லூரி என்ன எழுதி வைத்திருக்கிறது என்று தெரியாது. போன் செய்து கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சத்தை விட்டுவிட்டுக் கேளுங்கள். முதல் வேலையே இதுதான். எம்கேட் நுழைவுத் தேர்வுக்குப் புத்தகம் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

விலகலில் மூன்று வகை உண்டு. நல்ல நிலையில் இருந்தபோதே விலகியது ஒன்று. 'நீக்கப் போகிறோம், அதற்குள் நீங்களே விலகிக்கொள்ளுங்கள்' என்று சொன்னதால் விலகியது இரண்டாவது. நீக்கப்பட்டது மூன்றாவது. வெளியே வந்தவருக்கு மூன்றும் ஒரே மாதிரி வலித்திருக்கும். விண்ணப்பத்தில் மூன்றுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. ஏனென்றால் பல கல்லூரிகள் உங்கள் பழைய டீனிடமிருந்து ஒரு கடிதம் கேட்கும்: இவர் எந்த நிலையில் விலகினார், திரும்பி வந்தால் நீங்கள் சேர்த்துக்கொள்வீர்களா என்று.

அமெரிக்காவில் ஃபெர்ப்பா என்ற 1974-ஆம் வருடச் சட்டம், உங்கள் கல்விப் பதிவை நீங்களே பார்க்கும் உரிமையைத் தருகிறது. முன்னாள் மாணவருக்கும் அது பொருந்தும். எழுதிக் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். ரெஜிஸ்ட்ராருக்கு நாலு வரி மெயில் போதும். தேர்ச்சிக் குழுவின் முடிவுகள், உங்களுக்கு வந்த கடிதங்கள், விலகல் படிவம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

என்னிடம் வந்த ஒரு பையன், தன்னை நீக்கிவிட்டதாகவே நாலு வருடம் நம்பிக்கொண்டிருந்தான். கோப்பைத் திறந்தால், நல்ல நிலையில் விலகியதாக ஒரே வரி. அன்றைக்கு அவன் அழுதான். நேர்மாறாகவும் நடந்திருக்கிறது: தானாக விலகினேன் என்று படிவத்தில் எழுதிவிட்டு, கல்லூரி அனுப்பிய கடிதத்தில் வேறு வார்த்தை வந்து நின்றவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை, சரிபார்க்கவில்லை. படிக்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. உங்கள் வார்த்தையும் கோப்பின் வார்த்தையும் ஒன்றாக இருக்கட்டும்.

கேள்வி: கடுமையான மனச்சோர்வால் விலகினேன். இப்போது நன்றாக இருக்கிறேன். நோயின் பெயரை விண்ணப்பத்தில் எழுத வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. சேர்க்கைக்கு முன்னால் உடல், மனநலக் குறைபாடுகளைப் பற்றி விசாரிக்கக் கூடாது என்று மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவின்கீழ் வந்த விதிகள் சொல்கின்றன. "உடல்நலக் காரணத்தால் விலகினேன், சிகிச்சை பெற்றேன், இப்போது முழுநேர வேலையும் படிப்பும் செய்கிறேன்" என்றால் அதுவே உண்மை, அதுவே போதும். சிலர் நோயின் பெயரையும் எழுதியே ஆக வேண்டும் என்று நினைக்கிறார்கள். அது அவரவர் உரிமை. என்னைக் கேட்டால், நீங்கள் குணமானதை உங்கள் சமீபத்திய வருடங்கள் சொல்லட்டும். மருத்துவரின் அறிக்கையை விண்ணப்பத்தோடு இணைக்கவே இணைக்காதீர்கள்.

கல்லூரி நடவடிக்கை ஏதாவது இருந்தால், அதை விளக்க ஆம்காஸ் தரும் இடம் 1,325 எழுத்துகள். ஏறக்குறைய இருநூறு சொல். இந்தச் சின்னப் பெட்டியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முக்கால்வாசி இடத்தைக் கல்லூரியின் குறைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்: பேராசிரியர் உதவவில்லை, டீன் கேட்கவில்லை என்று. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் படிக்கிறவர், நாளை நம் கல்லூரியைப் பற்றியும் இவர் இப்படித்தான் எழுதுவார் என்று நினைப்பார். எந்த மாதம், எந்தப் பாடம், என்ன நடந்தது என்பதை மூன்று வரியில் சொல்லி முடியுங்கள். அதில் உங்கள் பங்கு எது என்று ஒரு வரி. மிச்ச இடம் முழுக்க அதற்குப் பிறகு செய்தவை. "பாடத்தைக் கற்றுக்கொண்டேன்" மாதிரி வெற்று வரிகள் வேண்டாம். "வாரத்துக்கு நாற்பது மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டே உயிர்வேதியியலை மறுபடி எடுத்து ஏ வாங்கினேன்" என்றால் அது சேதி.

ஏன் மருத்துவம் என்று விண்ணப்பத்தில் எழுதும் 5,300 எழுத்துக் கட்டுரையையும் இந்தக் கதைக்கே கொடுத்துவிடாதீர்கள். அங்கே ஒரு பத்தி போதும். ஏன் மருத்துவம் என்பதற்கு இன்னும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஐயா, என் மகள் இரண்டாம் வருடம் படிக்கிறாள். எஃப்-1 மாணவர் விசா. தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, போனில் பேசவே மாட்டேன் என்கிறாள். விலகிவிட்டு வேறு கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறேன் என்கிறாள். சரி என்று சொல்வதா?

பதில்: அம்மா, முதலில் அவளிடம் போங்கள், அல்லது அவள் நம்பும் ஒருவரைப் போகச் சொல்லுங்கள். மாணவர்களுக்கான ஆலோசகர் அங்கே கட்டாயம் இருப்பார். உயிரை விட்டுவிடத் தோன்றுகிறது என்று அவள் சொன்னால், 988 என்ற எண் அமெரிக்காவில் இரவு பகலாக இயங்குகிறது. படிப்பு அடுத்த வாரம்கூடக் காத்திருக்கும்.

அப்புறம் இதைக் கேளுங்கள்: எந்தக் காகிதத்திலும் விலகுகிறேன் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டாம், இப்போதைக்கு. விலகுவதற்கு முன்னால் விடுப்பு என்று ஒன்று இருக்கிறது. விடுப்பில் இருப்பவரின் இடம் அவருடையதாகவே இருக்கும். விலகியவர் ஆயிரக்கணக்கானவர்களோடு வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். ஒரு வருடத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் எம்.டி. படிப்புகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள், சேர்பவர்கள் சுமார் 23,000 பேர். ஏற்கெனவே ஒரு கல்லூரியில் சேர்ந்து விட்டவர்களை எடுத்துக்கொள்வதே இல்லை என்று சில கல்லூரிகள் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன. வேறு கல்லூரியில் எளிதாகச் சேர்ந்துவிடலாம் என்ற எண்ணத்தோடு விலகினால், அந்த எண்ணம் மிகவும் தவறு.

விசா விஷயத்தில் நாட்கள் முக்கியம். பாடங்களை விடுவதற்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டி.எஸ்.ஓ.-வை (மாணவர் விசா விஷயங்களைக் கவனிக்கும் கல்லூரி அதிகாரி) பார்க்க வேண்டும். மருத்துவர் சான்று இருந்தால், பாடச்சுமையைக் குறைத்துக்கொண்டோ பாடமே இல்லாமலோ அமெரிக்காவிலேயே இருக்க டி.எஸ்.ஓ. அனுமதி தரலாம். ஒரு படிப்புநிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை இது கிடைக்கும். அனுமதி வாங்கி விலகினால், நாட்டை விட்டுக் கிளம்ப 15 நாள். சொல்லாமல் நின்றுவிட்டால் அந்த 15 நாளும் கிடையாது. ஊருக்கு வந்து ஐந்து மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால், திரும்பப் போகப் புது ஐ-20 (மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம்) தேவைப்படலாம். விடுப்புத் தேதியை முடிவு செய்யும்போதே இதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய எம்கேட் மதிப்பெண் செல்லுமா? இடைப்பட்ட காலத்தில் என்ன படிக்கலாம்?

பதில்: பெரும்பாலான கல்லூரிகள் இரண்டு, மூன்று வருடத்துக்கு உட்பட்ட மதிப்பெண்ணைத்தான் ஏற்கும். ஆகவே மறுபடி எழுத வேண்டி வரும். ஒரு வருடத்தில் மூன்று முறை, அடுத்தடுத்த இரண்டு வருடத்தில் நான்கு, வாழ்நாளில் ஏழு. இதற்கு மேல் எழுத முடியாது. பதிவு செய்து போகாமல் விட்டாலும், எழுதிவிட்டு ரத்து செய்தாலும் அது ஒரு முறையாகவே எண்ணப்படும். 'சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்' என்று போகாதீர்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, உங்களை விழவைத்த பாடத்துக்கு நெருக்கமான, கடினமான அறிவியல் பாடங்களை முழுச்சுமையோடு எடுத்து நன்றாகச் செய்து காட்டுவதுதான் வழி. முதுநிலைப் படிப்பில் சேர்வதும் நல்லதே, அங்கே சுமாராக வந்தால் இருந்த வாய்ப்பும் போய்விடும் என்பதையும் மனத்தில் வைத்துச் சேருங்கள். ஆகோமாஸில் 2017 வரை, திரும்ப எழுதிய பாடத்தின் கடைசி மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இப்போது எல்லா முயற்சிகளும் கணக்கில் சேரும். பழைய சீனியர்கள் சொல்வதைக் கேட்டு ஏமாற வேண்டாம்.

கேள்வி: நான் முடித்த முதல் வருடத்தைப் புதுக் கல்லூரி கணக்கில் எடுத்துக்கொள்ளுமா?

பதில்: எடுத்துக்கொள்ளாது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். முதல் வருடம், முதல் நாளிலிருந்து.

கேள்வி: முதல் முறை வாங்கிய கடன் தலைக்கு மேல் நிற்கிறது. மறுபடி கடன் கிடைக்குமா?

பதில்: தவணை தவறி டிஃபால்ட் ஆகிவிட்டால் புது ஃபெடரல் கடன் (அமெரிக்க மத்திய அரசின் கல்விக் கடன்) கிடைக்காது. முதலில் அதைச் சரி செய்யுங்கள். கட்ட முடியவில்லை என்றால் கடன் நிறுவனத்தை அழைத்து வருமானத்துக்கு ஏற்ற தவணை கேளுங்கள். பேசாமல் இருப்பதுதான் ஆபத்து. ஃபெடரல் நேரடிக் கடனுக்கு (டைரக்ட் லோன்) விலகிய பிறகு தவணை தொடங்க ஆறு மாதம் அவகாசம் உண்டு. அது ஒரு முறைதான். மறுபடி படிப்பில் சேர்ந்தால் தவணை நிற்கும், ஆனால் தீர்ந்துபோன அவகாசம் திரும்ப வராது.

இன்னும் விலகாமல் யோசித்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க: செமஸ்டரின் 60 சதவீதம் முடிவதற்கு முன் விலகினால், கிடைத்த ஃபெடரல் நிதி உதவியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கல்லூரி உங்களுக்கு பில் அனுப்பலாம். தேதியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடன் விதிகளும் மாறிவிட்டன. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற ஃபெடரல் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு ஃபெடரல் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். எங்கே சேர்வது என்று பார்க்கும்போதே நிதி உதவி அலுவலகத்திடம் உங்கள் பழைய கடன் கணக்கைக் காட்டிப் பேசுங்கள்.

கேள்வி: வயது 38. ஒரு கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டவன். இரண்டு முறை விண்ணப்பித்தும் நேர்காணலுக்குக்கூட அழைப்பு வரவில்லை. மூன்றாவது முறை போடட்டுமா?

பதில்: வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது தடையில்லை. நீக்கப்பட்டது தடைதான். இரண்டு முறையும் ஒரே விண்ணப்பத்தையே அனுப்பியிருந்தால், மூன்றாவது முறையும் அதே பதில்தான் வரும். கடைசியாக விண்ணப்பித்ததிலிருந்து இன்றுவரை புதிதாக என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தாள் காலியாக இருந்தால் இந்த வருடம் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

ஏதாவது இருந்தால், கட்டணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கும் மெயில் போடுங்கள்: "நான் இன்ன வருடம் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டேன். உங்கள் விதிப்படி என் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பீர்களா?" இல்லை என்று வரும் பதில்களைப் பட்டியலில் அடித்துவிடுங்கள். மிஞ்சுவது நான்கு கல்லூரி என்றால் அந்த நான்குக்கு மட்டும் போடுங்கள். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால், தயவுசெய்து எனக்கு மறுபடி எழுதுங்கள். மருத்துவ உதவியாளர் (ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்) படிப்பு, நர்சிங், பொதுச் சுகாதாரம் எல்லாமே நோயாளியின் பக்கத்தில் நிற்கும் வேலைகள்தான். அங்கேயும் பழைய படிப்பைப் பற்றிக் கேட்பார்கள், ஆனால் கதவு இவ்வளவு இறுக்கமாக இருக்காது. உங்கள் பழைய டிரான்ஸ்கிரிப்டை அனுப்பினால், எது பொருந்தும் என்று சேர்ந்து பார்க்கலாம்.