யாருக்குப் பாடம் நடத்துவது?

அன்புள்ள சார்,

கிராமத்து அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். பத்தாம் வகுப்பில் 38 பிள்ளைகள். ஆறேழு பேர் ஆங்கிலத்திலேயே பதில் சொல்வார்கள். பாதிப்பேர் தட்டுத்தடுமாறி வாசிப்பார்கள். பத்துப் பேருக்கு ஏ, பி, சி, டி தெரியும், வார்த்தை வாசிக்க வராது. மெல்லக் கற்போரைத் தனியாக உட்காரவைத்து மினிமம் மெட்டீரியலை (பாஸ் ஆவதற்கு மட்டும் தேவையான குறிப்புகளை) மனப்பாடம் செய்ய வைக்கச் சொல்கிறார் ஹெச்.எம். இவர்களைக் கவனித்தால் நன்றாகப் படிப்பவர்கள் சும்மா இருக்கிறார்கள். அவர்களுக்கு நடத்தினால் இவர்கள் தூங்குகிறார்கள். நான் யாருக்குத்தான் பாடம் நடத்துவது?

ஓர் ஆசிரியை (பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்)

அன்புள்ள டீச்சர்,

நானும் தனியாக உட்காரவைத்தவன்தான். ஜன்னலோரம் இரண்டு பெஞ்சு. ஒரு வாரத்தில் அதற்குப் பிள்ளைகளே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள், அதை இங்கே எழுத முடியாது. அங்கே உட்கார்ந்த ஒரு பெண் அதுவரை வாய்ப்பாடமாவது ஒப்பித்துக்கொண்டிருந்தவள், பிறகு கேள்வி கேட்டால் எழுந்து நிற்பதோடு சரி. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புகளில் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு அது ஒரு பூவின் பெயர். பதினைந்து வயதுப் பையனுக்குத் தான் எங்கே வைக்கப்பட்டிருக்கிறோம் என்று தெரியும்.

எட்டாம் வகுப்புவரை யாரையும் ஃபெயில் ஆக்காததால் வந்த வினை என்று உங்கள் ஸ்டாஃப் ரூமிலும் யாராவது சொல்வார்கள். எங்கள் காலத்தில் ஃபெயில் ஆக்கினார்கள். ஃபெயிலானவர்கள் ஆங்கிலம் கற்றுக்கொண்டு வரவில்லை, மில் வேலைக்குப் போனார்கள்.

அந்தப் பத்துப் பேருக்கு என்ன தெரியாது என்று முதலில் பாருங்கள். அவர்களுக்கு எழுத்தின் பெயர் தெரியும், ஒலி தெரியாது. ‘சி, ஏ, டி’ என்று சேர்த்துச் சொன்னால் ‘சியேடி’தான் வரும், பூனை எங்கிருந்து வரும்? தமிழில் ‘க’ என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றுதான். அந்தப் பழக்கத்தில் வருகிற பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் இரண்டும் வேறு என்று யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள். நோட்டில் வார்த்தைக்கு மேலே தமிழில் உச்சரிப்பை எழுதிக்கொள்வார்கள் பாருங்கள், அது வேறு சிக்கல். குண்டூசிக்கும் ‘பின்’, குப்பைத்தொட்டிக்கும் ‘பின்’. ஒரு பையன் தெருவில் நிற்கிற பைக்கின் பெயரையெல்லாம் கடகடவென்று சொல்வான். அதே பெயரைச் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன், விழித்தான். அவன் அதுவரை வாசித்தது பெட்ரோல் டாங்கின் படத்தை. முதல் எழுத்து ‘ப்’ என்று சொல்லிக்கொடுத்த பிறகு பெட்ரோல், பென்சில், பேப்பர் என்று அவனே தேடிப் பிடித்தான்.

தினமும் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். தனி பெஞ்சு வேண்டாம், மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர்களிடம் போய் உட்காருங்கள். அந்த நேரத்தில் மற்றவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதுதானே உங்கள் கேள்வி? முதல் பாடத்தையே எடுத்துக்கொள்வோம், லியாம் ஓ’ஃப்ளாஹர்ட்டியின் ‘ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’. பறக்கப் பயந்து பாறை விளிம்பிலேயே நிற்கிற கடல்புறாக் குஞ்சு. கதையை எல்லோருக்குமாக ஒருமுறை, கையையும் காலையும் ஆட்டி, பாதி தமிழிலேயே சொல்லிவிடுங்கள். பசித்தவன் கண்ணெதிரே அம்மா மீனைக் கொண்டுவந்து, கொடுக்காமல் காற்றில் நிற்கிற இடம் கடைசி பெஞ்சுக்கும் புரியும். நான் பார்த்தவரை முதலில் சிரிப்பவர்களே அவர்கள்தான். அப்புறம் வேலையைப் பிரியுங்கள். நன்றாக எழுதுபவர்கள் அதே கதையை அம்மாப் பறவை சொல்வதுபோல் எழுதட்டும், அவர்களுக்கும் திணறத் திணற வேலை வேண்டும். நடுவில் இருப்பவர்களுக்குக் கலைத்துப்போட்ட எட்டு வாக்கியம், வரிசைப்படுத்த வேண்டும். உங்கள் பத்துப் பேர் ‘ஃபிஷ்’, ‘விங்’ என்று ஒலிக்கூட்டி வாசிக்கிற நாலைந்து வார்த்தையைப் பாடத்தில் தேடிக் கோடு போடட்டும். எல்லோர் மேசையிலும் இருப்பது ஒரே பக்கம்.

ஒரு எச்சரிக்கை. கெட்டிக்காரப் பிள்ளைகளைக் குட்டி ஆசிரியர்களாக்கி மற்றவர்களிடம் அனுப்புவது எல்லோரும் செய்வது. வாரம் ஒருநாள் போதும். மீறினால் அந்தப் பிள்ளைகளின் படிப்பு நம் வேலைப்பளுவுக்குப் பலி.

ஹெச்.எம். கேட்பதும் தப்பில்லை. நூற்றுக்கு 35 வாங்காவிட்டால் பையனுக்கும் கஷ்டம், உங்களுக்கும் மீட்டிங்கில் கேள்வி. ஆனால் வாசிக்கத் தெரியாதவனுக்கு மெமரி போயமும் கடிதமும் வெறும் கோடுகள், ஒரு கோடு மறந்தால் மொத்தமும் போச்சு. படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதும் கேள்விக்கு, பத்து வினைச்சொல் வாசிக்கத் தெரிந்தவன் ஏதாவது எழுதிவிடுவான். மனப்பாடத்தை அரையாண்டுக்குப் பிறகு வைத்துக்கொள்கிறேன், அதுவரை வாசிக்க வைக்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டியதுதான், வேறு வழியில்லை.

எந்த எழுத்தில் தொடங்குவது என்று யோசிக்க வேண்டாம். எஸ், ஏ, டி, பி, ஐ, என். இதில் டி என்பது ‘டேபிள்’ டி, பி என்பது ‘பேப்பர்’ பி. இந்த ஆறின் ஒலி மட்டும் தெரிந்தால் ‘சிட்’, ‘பின்’, ‘டின்’ என்று இருபது வார்த்தைக்கு மேல் கிடைக்கும். திங்கட்கிழமை போர்டில் ஒரு மூலையில் எழுதிவைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை எத்தனை சேர்ந்தது என்று எனக்கு எழுதுங்கள்.